என் கணக்கு திறந்திருந்த இடங்கள்

சிட்னியில் வந்து இறங்கிய அன்றே என் கணவர் எனக்கு ஒரு புதுப் போன் தந்தார். பெட்டி ஏற்கெனவே பிரிக்கப்பட்டிருந்தது. ஈமெயில், வங்கி, வரைபடம், வட்ஸ்அப் எல்லாம் போட்டு, முகப்பில் எங்கள் கலியாணப் படத்தையும் வைத்திருந்தார்.

"பாஸ்வேட் ஒண்டும் நீர் ஞாபகம் வைச்சிருக்கத் தேவையில்லை. எல்லாம் என்னட்ட இருக்கு," என்றார்.

மன்னாரில் நான் கணிதம் படிப்பித்தவள். ஒரு பாஸ்வேட்டை ஞாபகம் வைக்க எனக்கு முடியாமல் இல்லை. ஆனால் அன்றைக்கு அது அன்பாகத்தான் பட்டது. தெரியாத நாட்டில் எனக்காக ஒருவர் எல்லாவற்றையும் ஆயத்தமாக வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார் என்று நினைத்தேன். அம்மாவுக்கும் அப்படித்தான் எழுதினேன்.

அவருக்கு நகரத்தில் ஒரு கம்பனியில் கணினிப் பாதுகாப்பு வேலை. நாங்கள் இருந்த கிரவீனிலும் பக்கத்துப் பெண்டில் ஹில்லிலும் எங்கள் ஆட்களுக்கு அவரை நன்றாகத் தெரியும். ஆருடைய கொம்பியூட்டராவது உறைந்துபோனால் அவருக்குத்தான் போன் வரும். ஞாயிறு பூசை முடிந்து மாதா கோவில் வாசலில் நின்றால் அன்ரிமார் போனை நீட்டிக்கொண்டு சுற்றி நிற்பார்கள். அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. வருசத்தில் சில தரம் கோவில் மண்டபத்தில் வயதுபோன ஆட்களுக்கு இணையப் பாதுகாப்பு வகுப்பும் எடுப்பார். வங்கி அனுப்பியது போல வரும் லிங்கை அமத்த வேண்டாம், போன் எடுத்துப் பேசுகிற முன்பின் தெரியாதவனை உங்கள் கொம்பியூட்டருக்குள் விட வேண்டாம், ஒரு பாஸ்வேட்டை இரண்டு இடத்தில் போட வேண்டாம், அப்டேட் கேட்டால் தள்ளிப் போட வேண்டாம். எல்லாம் தமிழில், சின்னச் சின்ன உதாரணங்களோடு. நன்றாகப் படிப்பிப்பார். அது என் தொழில், அதனால் எனக்குத் தெரியும்.

வீட்டுக்குள் நடந்தது வேறு.

முதலில் சின்ன விசயங்கள்தான். ஒருநாள் ரயிலில் வரும்போது ஸ்ட்ராத்ஃபீல்டில் இறங்கினேன். மன்னாரில் என்னோடு படித்த சிநேகிதி ஒருத்தி அங்கே இருந்தாள். அரை மணித்தியாலம் கடையொன்றில் இருந்து கதைத்துவிட்டு அடுத்த ரயிலைப் பிடித்தேன். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றவில்லை, "ஸ்ட்ராத்ஃபீல்டில என்ன அலுவல்?" என்று கேட்டார்.

"ஆர் சொன்னது?"

"ஆரோ கண்டவை."

இன்னொரு முறை தங்கச்சிக்கு ஒரு மெசேஜ் போட்டேன். அவர் கதைக்கத் தொடங்கினால் எனக்கு வயிற்றுக்குள் என்னவோ செய்கிறது என்று எழுதியிருந்தேன். அன்று பின்னேரம் சாப்பாட்டு மேசையில் அவரே எனக்குச் சோறு போட்டு, மீன் துண்டு ஒன்றையும் எடுத்து வைத்தார். பிறகு சிரித்துக்கொண்டு கேட்டார்: "இப்ப வயித்துக்குள்ள என்ன செய்யுது?"

சிட்னியில் பிறந்த எங்கள் மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு அப்போது ஆறு வயது.

அவர் எனக்குக் கைநீட்டியதில்லை. இதை நான் பிறகு பல பேருக்குச் சொல்ல வேண்டி வந்தது. சொன்னதும் அவர்களுடைய முகம் கொஞ்சம் தளர்ந்துவிடும். அடிக்காத மனிசன். ஆனால் நான் வேலை முடிந்து வர பஸ் பிந்தினால் போன் அடிக்கும். கடையில் கொஞ்சம் நின்று பார்த்தால் அடிக்கும். எடுக்காவிட்டால், வீட்டுக்கு வந்த பிறகு நாட்கணக்காக ஒரு சொல்லும் இருக்காது. மகளைக் கூப்பிட்டு முன்னால் இருத்தி, "அம்மா இண்டைக்கு எங்க போனவ?" என்று கேட்பார். அவளுக்கு நான் எங்கே போனேன் என்று எப்படித் தெரியும்? பதில் சொல்லத் தெரியாமல் அழுவாள். பிறகு பிறகு, என்னோடு ஏதாவது கதைக்க முதல் என் போன் எங்கே கிடக்கிறது என்று பார்க்கப் பழகிவிட்டாள்.

என் தலையில் ஏதோ பிழை என்றுதான் நான் நினைத்தேன். அல்லது ஆரோ அவருக்குச் சொல்கிறார்கள். ஸ்ட்ராத்ஃபீல்ட் சிநேகிதிக்கு மட்டும்தான் பல விசயம் தெரியும். ஒருநாள் அவளைக் கூப்பிட்டு நேரடியாகக் கேட்டுவிட்டேன். "நீ அவரோட கதைக்கிறனியோ?" அவள் முதலில் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும், "என்னை அப்பிடியோ நினைக்கிறாய்?" என்று கேட்டுப் போனை வைத்தாள். பிறகு அவள் எடுக்கவேயில்லை. சிட்னியில் எனக்கென்று இருந்த ஒரே ஆள் அவள்தான்.

அந்த வருசக் குளிர்காலத்திலும் மண்டபத்தில் வகுப்பு வைத்தார்கள். வழக்கம்போல நான் மண்டபக் குசினியில். ரோல்ஸ், பற்றிஸ் பலகாரங்களைத் தட்டுகளில் அடுக்கிக்கொண்டிருந்தேன். குசினிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் சாமான் கொடுத்து வாங்குகிற ஒரு யன்னல் உண்டு. அதற்கூடாக மேடை தெரியும். சிலேட்டு மாதிரியான தன் ரப்லெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, பின்னாலிருந்த பெரிய திரையில் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் போனை எடுங்கோ. செட்டிங்ஸுக்குப் போங்கோ. மேல உங்கட பேர் கிடக்கும், அதை அமத்துங்கோ. அன்ரி, அது இல்லை, அதுக்கு மேல. ஓம், அதுதான். இப்ப கீழ வாங்கோ. உங்கட கணக்கு எந்தெந்தக் கருவியில திறந்து கிடக்கு எண்டு காட்டும். உங்களுக்குத் தெரியாத ஒண்டு அதில கிடந்தா, கள்ளன் உங்கட வீட்டுக்குள்ள கதிரை போட்டு இருக்கிறான் எண்டு அர்த்தம்."

மண்டபம் சிரித்தது. எல்லாத் தலைகளும் குனிந்தன. நானும் எண்ணெய்க் கையை ஏப்ரனில் துடைத்துவிட்டு என் போனை எடுத்தேன். எந்தச் சந்தேகத்திலும் எடுக்கவில்லை. எல்லாரும் எடுத்தார்கள், நானும் எடுத்தேன், அவ்வளவுதான். அந்தப் பக்கத்தை அதுவரை நான் திறந்ததே இல்லை. எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தவர் எனக்கு மட்டும் சொல்லித்தரவில்லை என்பதும் அந்த நேரத்தில் மனதில் படவில்லை.

என் போன் முதலில் இருந்தது. அதற்குக் கீழே அவருடைய அறையிலிருக்கும் பெரிய கொம்பியூட்டர். அதற்குக் கீழே ஒரு பழைய போன், ஆருக்கோ கொடுத்துவிட்டதாக அவர் சொன்னது. கடைசியாக ஒரு ரப்லெட். நான் நிமிர்ந்து பார்த்தேன். அந்த ரப்லெட் மேடையில் அவருடைய கையில் இருந்தது.

"தெரியாததை அமத்தி நீக்குங்கோ," என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். "நீக்கின உடன அவர் வெளியில விழுந்திடுவார். அவருக்கும் அது தெரியவரும்."

என் விரல் அந்த இடத்துக்கு மேலே நின்றது. பிறகு எடுத்துவிட்டேன். போனை ஏப்ரன் பைக்குள் போட்டுவிட்டு மிச்ச ரோல்ஸை அடுக்கினேன். ஒரு தட்டைத் திரும்பவும் முதலிலிருந்து அடுக்க வேண்டியிருந்தது. தேத்தண்ணி எடுக்க வந்த ஒரு அன்ரி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "களைச்சுப்போனீர் போல. ஆனாலும் நீர் குடுத்து வைச்சனீர் பிள்ளை, வீட்டிலேயே இப்பிடி ஒரு ஆள்," என்றா.

"ஓம் அன்ரி," என்றேன்.

நான் ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில் வேலை செய்தேன். என்னோடு வேலை செய்த அக்கா தஞ்சாவூர்ப் பக்கம். அதிகம் கதைக்கமாட்டா, ஆனால் கையும் கண்ணும் வேகம். அடுத்த நாள் மரக்கறிப் பெட்டி எடுக்கக் குளிரறைக்குள் போனபோது நானும் பின்னால் போய்க் கதவைச் சாத்தினேன்.

"அக்கா, என்ர போனுக்குள்ள என்ர மனிசன் இருக்கிறார்," என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அவ என்னைப் பைத்தியக்காரியைப் போலப் பார்க்கவில்லை. "போன் இப்ப எங்க?" என்று மட்டும் கேட்டா.

"லொக்கருக்குள்ள."

"நல்லது, அங்கேயே இருக்கட்டும். என் தங்கச்சிக்கு இதே கதைதான், பெங்களூர்ல. ஒண்ணு சொல்றேன் கேளுங்க. எதையும் இப்ப அழிக்காதீங்க, மாத்தாதீங்க. நீங்க கண்டுபிடிச்சிட்டீங்கன்னு அவருக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்ச அன்னைக்குத்தான் ஆபத்து."

மதிய இடைவேளையில் அவவுடைய போனில், பெண்களுக்கு உதவும் ஒரு இடத்தோடு கதைத்தேன். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டார்கள். எனக்குப் பயம் பிடித்தது. சிட்னியில் தமிழ் மொழிபெயர்க்கிற ஆட்களில் பாதிப் பேர் அவரிடம் லப்ரொப்பைத் திருத்தக் கொடுத்தவர்களாக இருப்பார்கள். வேறு மாநிலத்திலிருந்து ஒருவரைப் பிடிக்கலாம், பேர் சொல்லத் தேவையில்லை என்றார்கள். அப்படிப் பேரில்லாத ஒரு குரல்தான், நான் என் வாழ்க்கையைச் சொல்லச் சொல்ல, அதை ஒரு உணர்ச்சியும் காட்டாமல் ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னது.

அவர்கள் சொன்னதை இங்கே எழுதுகிறேன். ஆருக்காவது தேவைப்படலாம். இதைப் பற்றி உங்கள் போனில் எதுவும் தேடாதீர்கள். வேலையிடத்து அல்லது நூலகத்துக் கொம்பியூட்டரில் புது ஈமெயில் திறவுங்கள். அதன் பாஸ்வேட் அவருக்கு ஊகிக்க முடியாததாக இருக்கட்டும், பிள்ளையின் பிறந்தநாள் வேண்டாம். கணக்கை மீட்கிறதற்குக் கேட்கிற நம்பராக உங்கள் பழைய நம்பரைக் கொடுக்காதீர்கள். அந்தக் கருவிகள் தெரிகிற பக்கத்தை இன்னொருவருடைய போனால் படம் எடுத்து வையுங்கள், பிறகு உதவும். பிள்ளையின் ரப்லெட், கார், கைக்கடிகாரம், எல்லாமே பார்க்கிற கண்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்கக் கேட்க எனக்கு ஒன்று விளங்கியது. இதில் பாதி, மண்டபத்தில் அவர் சொல்வதுதான்.

கொஞ்சக் காலம் ஒன்றும் தெரியாதவளைப் போல இருந்தேன். அந்த நாள்கள்தான் எல்லாவற்றிலும் கொடுமை. அவர் வாசிப்பார் என்று தெரிந்துகொண்டே தங்கச்சிக்கு மெசேஜ் எழுதினேன். கறி என்ன, மழை எப்படி, மகளுக்கு இருமல். அவர் சந்தோசமாக இருந்தார். நான் திருந்திவிட்டேன் என்று நினைத்திருப்பார்.

ஒரு வேலைநாளில் வெளிக்கிட்டேன். போனை முழுக்கச் சார்ஜ் ஏற்றி லொக்கருக்குள் வைத்துப் பூட்டினேன். அவருடைய திரையில் நான் வேலையிடத்தில் நிற்பேன். அக்கா தன் காரில் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனா. மகளை நேரத்தோடு எடுத்தோம். மெல்பேர்ண் போகிற பஸ்ஸில் ஏற்றிவிடும்போது அக்கா கட்டிப்பிடிக்கவில்லை, அழவில்லை. "போய்ச் சேர்ந்ததும் எனக்கு போன் பண்ணாதீங்க. என்கிட்டயும் வந்து கேப்பாரு. எனக்குத் தெரியாம இருந்தாத்தான் நல்லது," என்றா. அவர் உண்மையில் போய்க் கேட்டார் என்று பிறகு அறிந்தேன்.

பஸ்ஸில் மகள் தன் ரப்லெட்டைக் கேட்டாள்.

"அது வீட்டில கிடக்கட்டும் செல்லம்."

"பட் மை ட்ரோயிங்ஸ் ஆர் இன் இட்." அதற்குள்தான் அவள் கீறிய எல்லாப் படமும் இருந்தன. கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் அழுதாள். பிறகு கேட்டாள்: "டஸ் அப்பா நோ வெயர் வீ ஆர்?"

"இல்லை, தெரியாது."

"ஹீ ஆல்வேஸ் நோஸ்," என்றாள்.

மெல்பேர்ணில் முதலில் பெண்கள் தங்கும் ஒரு வீட்டிலும், பிறகு நோபல் பார்க்கில் ஒரு சின்ன யூனிற் வீட்டிலும் இருந்தோம். புதுப் போனை நானே கடையில் வாங்கி நானே திறந்தேன். ஒவ்வொரு கணக்குக்கும் ஒவ்வொரு பாஸ்வேட், அதற்கு மேல் போனுக்கு வருகிற இலக்கத்தையும் கேட்கிற இரண்டாம் பூட்டும் போட்டேன். இருப்பிடம் காட்டுகிற எல்லாவற்றையும் நிற்பாட்டினேன். எங்களைப் பார்த்துக்கொண்ட உதவியாளர் பெண் ஒவ்வொன்றையும் பக்கத்தில் இருந்து சரி பார்த்தாள்.

அம்மாவோடு மட்டும் கதைக்காமல் இருக்க முடியவில்லை. எனக்கு விசர் பிடித்துவிட்டது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டேன் என்று அவர் அம்மாவுக்குச் சொல்லியிருந்தார். நான் உயிரோடு இருப்பதையாவது அம்மா அறிய வேண்டாமா? புது நம்பரிலிருந்து வட்ஸ்அப்பில் எடுத்தேன். விலாசம் சொல்லவில்லை, ஊர்ப் பேரும் சொல்லவில்லை. ஆனால் அம்மாவிடம் எதையாவது சொல்லத்தானே வேண்டும். ரயில் சத்தம் கேட்கிறது, பக்கத்தில் எங்கட மீன் விற்கிற கடை இருக்கிறது, மகளுக்குப் புதுப் பள்ளிக்கூடம் பிடித்திருக்கிறது என்று எழுதினேன். பள்ளிக்கூட ஜம்பர் என்கிற குளிர்ச்சட்டையோடு அவளை ஒரு படம் எடுத்தும் அனுப்பினேன். ஜம்பரில் பள்ளிக்கூடத்தின் சின்னம் இருந்தது.

ஒருநாள் பள்ளிக்கூடம் விடுகிற நேரம் வாசலில் அவர் நின்றார்.

கத்தவில்லை. கையில் மகளுக்கு ஒரு பரிசுப் பை. நன்றாகச் சவரம் செய்து, பூசைக்குப் போகிற சேட் போட்டிருந்தார். "எல்லாரும் உம்மைத் தேடிக் களைச்சுப்போனம். வாரும், வீட்டை போவம்," என்றார். மகள் என் பின்னால் போய் நின்றுகொண்டாள். அவள் விரல்கள் என் இடுப்பைப் பிடித்த இடம், பிறகு பார்த்தபோது கன்றிப்போயிருந்தது.

பள்ளிக்கூட அலுவலகத்துப் பெண் யன்னலால் கண்டுவிட்டாள். ஓடிவந்து எங்களை உள்ளே எடுத்துக் கதவைப் பூட்டினாள். பொலிஸ் வந்தது. அவர் அவர்களோடு மிக மரியாதையாகக் கதைத்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பொலிஸ்காரன் சிரித்ததைக் கண்டேன். அவர் எல்லாரையும் சிரிக்க வைக்கக்கூடியவர்.

எப்படிக் கண்டுபிடித்தார்? உதவியாளர் பெண் என் போனை முழுக்க ஆராய்ந்தாள். ஒன்றும் இல்லை. பையின் தையல், சப்பாத்து, மகளின் கரடிப் பொம்மை எல்லாம் பார்த்தோம். ஒன்றும் இல்லை. கடைசியில் கேட்டாள்: "நீ ஆரோடு கதைக்கிறாய்?"

"அம்மாவோடு மட்டும்."

"அம்மாவின் போனை ஆர் திறந்து கொடுத்தது?"

முந்தைய வருசம் மன்னாருக்குப் போயிருந்தபோது அம்மாவுக்குப் போன் வாங்கிக் கொடுத்தது அவர்தான். விறாந்தையில் அம்மாவைப் பக்கத்தில் இருத்தி, பொறுமையாக ஒவ்வொன்றாகப் போட்டுக் கொடுத்தார். நான் பார்த்துக்கொண்டு நின்று பெருமைப்பட்டேன்.

அம்மா வீட்டுக்குப் போயிருந்த தங்கச்சியின் போனுக்கு எடுத்து, அம்மாவின் வட்ஸ்அப்பில் இணைத்த கருவிகள் என்று ஒரு இடம் இருக்கும், பார் என்றேன். அவள் அம்மாவின் போனை எடுத்துத் திறந்தாள்.

"அக்கா, இதில ஒரு கொம்பியூட்டர் கிடக்கு. இண்டைக்குக் காலமையும் திறந்திருக்கு."

பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. "அது மருமகன் போட்டுத் தந்தது. படங்கள் துலையாமல் இருக்கும் எண்டவர். அதை அழிச்சுப்போடாதை பிள்ளை."

தங்கச்சி அதைத் தன் போனால் படம் எடுத்தாள். பிறகு நீக்கினாள்.

நான் அனுப்பியதை மட்டுமா அவர் வாசித்திருப்பார்? அம்மா மாமியோடு சண்டை பிடித்தது, பாதருக்கு எழுதியது, தன் வருத்தங்களைத் தங்கச்சிக்குச் சொல்லி அழுதது, எல்லாம் ஒரு வருசமாகக் கிரவீனில் ஒரு அறைக்குள் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

வழக்கு நடந்தது. நாங்கள் எடுத்த படங்களைக் காட்டினோம். குடும்பத்துக்குத் தொழில்நுட்ப உதவி செய்த ஒரு நல்ல மனிதர் என்று அவருடைய வக்கீல் சொன்னார். ஆனாலும் எங்களுக்குக் கிட்ட வரக்கூடாது என்று கட்டளை கிடைத்தது. மகளை அவர் பார்ப்பது இன்னொருவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். நாங்கள் திரும்பவும் வீடு மாறினோம். அவள் மூன்றாவது பள்ளிக்கூடத்துக்குப் போனாள். நோபல் பார்க் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஒரு சிநேகிதி கிடைத்திருந்தாள். அவளுக்கு எங்கே போகிறோம் என்று சொல்லக்கூடாது என்று மகளுக்கு நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

சிட்னி ஆட்கள் மன்னாருக்குப் போன் எடுத்து அம்மாவிடம் கேட்டார்களாம், "அவர் அடிச்சவரோ?" என்று. இல்லை என்று அம்மா உண்மையைச் சொன்னா. அதோடு அவர்களுக்கு விசயம் முடிந்துவிட்டது. ஸ்ட்ராத்ஃபீல்ட் சிநேகிதிக்கு நடந்ததை எல்லாம் எழுதி, மன்னிப்புக் கேட்டு ஒரு மெசேஜ் அனுப்பினேன். வாசித்துவிட்டாள் என்று காட்டியது. பதில் இல்லை.

அம்மா இப்போது போனைத் துவாயில் சுற்றி அலுமாரிக்குள் வைத்திருக்கிறா. எல்லாம் சரி, இப்போது ஒருவரும் இல்லை என்று தங்கச்சி எத்தனை தரம் சொல்லியும் நம்பவில்லை. ஞாயிறுகளில் தங்கச்சி எடுத்துக் கொடுத்தால் பிடித்துக்கொண்டு, "சாப்பிட்டியா?" என்று கேட்பா. ஓம் என்பேன். "சரி, வைக்கிறன்." முந்தி ஒரு மணித்தியாலம் கதைக்கிற மனிசி.

போன மாதம் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் லப்ரொப் கொடுத்தார்கள். புதுப் பாஸ்வேட் போட வேண்டும் என்று மேசையில் இருந்து யோசித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். எழுதத் தொடங்கியதும் இடக்கையால் திரையின் பக்கத்தை மறைத்தாள்.

"அம்மா, டோன்ட் லுக்."

நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். இந்த வயதுப் பிள்ளைகளின் பாஸ்வேட் பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று பள்ளிக்கூடம் அனுப்பிய ஈமெயிலில் இருந்தது. அது சரியான அறிவுரைதான். நான் இன்னும் அவளிடம் கேட்கவில்லை.